டவல் போட்ட நாற்காலி

சரசம்மா டீச்சருக்கு அதிகாரம் என்றால் என்னவென்று தெரியாது. தெரிந்திருந்தால் முப்பத்தொரு பெண்களைப் பார்த்து, போய் அதை வரைந்துகொண்டு வாருங்கள் என்று சொல்லியிருக்க மாட்டார்.

1953-ஆம் வருஷம். திருவனந்தபுரத்தில் அப்போது இருந்து இப்போது இல்லாமல் போன ஒரு பெண்கள் கல்லூரியில் நாங்கள் இன்டர்மீடியட் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தோம். மலையாள வகுப்பில் ஒரு பழைய நாடகம் பாடமாக இருந்தது. அதன் பெயர் வாயில் நுழையாத நீளம். பரீட்சையில் ஒரே ஒருமுறை பிழையில்லாமல் எழுதிவிட்டு அதை மறந்துவிட்டேன். கதை மட்டும் இன்றைக்கும் மறக்கவில்லை. ராஜா வேட்டைக்குப் போகிறான். போகும்போது சேனாதிபதியைக் கூப்பிட்டு, நான் வரும்வரை இந்தச் சிம்மாசனத்தைப் பார்த்துக்கொள் என்கிறான். சேனாதிபதி மூன்று நாள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்கிறான். நான்காம் நாள் சும்மா ஒருதடவை உட்கார்ந்து பார்க்கிறான். அவ்வளவுதான், பிறகு அவனால் எழுந்திருக்க முடியவில்லை. எழுந்தால் வேறு யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்களே என்று பயம். சாப்பாடு அங்கேயே, தூக்கம் அங்கேயே. மிச்ச நான்கு அங்கமும் அந்த மனுஷன் எழுந்திருக்காமல் படும் பாடுதான்.

அந்த வருஷம் திருவிதாங்கூர்-கொச்சி மந்திரிசபையும் விழுவேனா மாட்டேனா என்று ஆடிக்கொண்டிருந்தது. அதனால் இந்தப் பாடம் நடக்கும்போதெல்லாம் வகுப்பில் ஒரு குசுகுசுப்பு இருக்கும். எங்களுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்த சரசம்மா டீச்சர் அதைக் கவனித்திருக்க வேண்டும். ஒருநாள் வந்து, வருஷக் கடைசியில் ஒரு கண்காட்சி வைக்கப்போவதாகவும், நாடகத்தில் அதிகாரம் என்பதுதான் விஷயம் என்றும், படமோ களிமண்ணோ எதுவானாலும் சரி, ஆளுக்கு ஒன்று கொண்டுவந்தாக வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். போகும்போது ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார், புத்தகத்தில் இருப்பதை அப்படியே வரைந்தால் மார்க் இல்லையாம்.

மார்க் இல்லை என்று சொன்ன பிறகும் எல்லாரும் புத்தகத்தில் இருப்பதைத்தான் வரைந்தோம். மகுடம் பதினொன்று, வாள் ஏழு, சிங்கம் நான்கு, மிச்சம் குடையும் சாமரமும். சிங்கங்களில் இரண்டு நாய் மாதிரி இருந்தன. ஒருத்தி மட்டும் களிமண்ணில் ஐந்து தலைப் பாம்பு செய்தாள். நாடகத்தில் பாம்பே கிடையாது. அந்தப் பதினொரு மகுடத்தில் ஒன்று என்னுடையது. எனக்குப் படம் வராது, அதை ஒத்துக்கொள்வதில் வெட்கமும் கிடையாது. என் அப்பா ஆரியசாலையில் சுக்கும் மிளகும் மொத்த வியாபாரம் செய்கிறவர். எங்கள் வீட்டில் யாரும் பென்சிலைக் கணக்கு எழுத அல்லாமல் வேறெதற்கும் தொட்டதில்லை.

சாவித்ரி அப்படி இல்லை. கரமனை அக்கிரகாரத்திலிருந்து வருகிற பெண். கையில் கரித்துண்டு கிடைத்தால் போதும், பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரில் இருப்பவரின் மூக்கைப் போட்டுவிடுவாள். என் மூக்கை ஐந்தாறு தடவை போட்டிருக்கிறாள். நல்ல மூக்கில்லை என்பது எனக்கு அவள் மூலம்தான் தெரியும். என் உயிர்ச் சிநேகிதி அவள். அந்த வருஷம் அவளுக்கு ஒரு பெரிய கவலை இருந்தது.

அவள் அப்பா கல்யாணராமய்யர் சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் ஹெட் கிளார்க். நாகர்கோவில் வடசேரியிலிருந்து ஒரு பாங்க் குமாஸ்தாவின் ஜாதகம் வந்திருந்தது, பொருந்தியும் விட்டது. மாப்பிள்ளை வீட்டார் பதிலுக்குக் காத்திருந்தார்கள். சாவித்ரிக்கு பி.ஏ. படிக்க வேண்டும். அப்பாவிடம் கேட்டாள், அழுதாள், இரண்டு வேளை சாப்பிடாமலும் இருந்து பார்த்தாள். கல்யாணராமய்யர் கெட்ட மனுஷர் இல்லை, அதட்டவில்லை. ஆனால் ஆபீஸில் எந்தக் காகிதத்துக்கும் உடனே ஆமாம் என்றோ இல்லை என்றோ எழுதிப் பழக்கமில்லாதவர். கடைசியில், கண்காட்சிக்கு வருகிறேன், இரண்டு வருஷமாக நீ என்ன படித்திருக்கிறாய் என்று பார்க்கிறேன், பார்த்துவிட்டு வடசேரிக்கு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டார். ஆக, சாவித்ரி பி.ஏ. போவதும் வடசேரிக்குப் போவதும் அந்த ஒரு சாயங்காலத்தில் இருந்தது.

இது தெரிந்த எந்தப் பெண்ணும் அழகாக ஒரு சரஸ்வதியை வரைந்து, கீழே ஒரு தாமரையையும் போட்டு வைத்திருப்பாள். நானும் அதைத்தான் சொன்னேன்.

"ஏட்டி, கிறுக்கு பிடிச்சிருக்கா ஒனக்கு? ஒங்க அப்பாவுக்குப் பிடிச்ச மாதிரி ஒண்ணு செய்யப்பிடாதா?"

"எனக்குத் தெரிஞ்ச அதிகாரம் நாற்காலிதான், உலகம்மை. சாயங்காலம் ஆச்சுன்னா எங்காத்துல அதாக்கும் பேச்சு. யார் உக்காந்தா, யார் நின்னா, யாருக்கு டவல் வந்துது. சேனாதிபதிக்கும் எங்கப்பாவுக்கும் அதே ஒரு விசாரம்தான்."

டவல் விஷயத்தைச் சொல்ல வேண்டும். சர்க்கார் ஆபீஸில் ஹெட் கிளார்க் வரைக்கும் நாற்காலி வெறும் நாற்காலி. சூப்பரிண்டெண்ட் ஆகிவிட்டால் அதன் முதுகில் ஒரு வெள்ளை டர்க்கி டவல் வந்து உட்காரும். திங்கட்கிழமை தோறும் பியூன் அதை மாற்றுவான். ஆள் லீவில் இருந்தாலும் டவல் இருக்கும், அந்த வழியாகப் போகிறவர்கள் அதைப் பார்த்துக் கொஞ்சம் குனிந்துதான் போவார்கள். கல்யாணராமய்யர் இருபத்திரண்டு வருஷம் சர்வீஸ் போட்டவர். அவருடைய பிரமோஷன் ஃபைல் டைரக்டரின் மேஜையில் ஒன்றரை வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அது எப்போது வேண்டுமானாலும் விழித்துக்கொள்ளலாம் என்று அவர் சாலைக் கடைத்தெருவில் நீலக் கரை போட்ட டர்க்கி டவல் ஒன்றை முன்கூட்டியே வாங்கி, அந்துருண்டை போட்டுப் பெட்டியில் வைத்திருந்தார். வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும், தெரிந்ததாக யாரும் காட்டிக்கொள்வதில்லை.

சாவித்ரி கல்லூரி ஸ்டோர் ரூமிலிருந்து பிரம்பு கிழிந்துபோன ஒரு கை வைத்த நாற்காலியை எடுத்துக்கொண்டாள். பழைய பிரம்பை முழுக்கப் பிய்த்தெறிந்தாள். அந்த ஓட்டையின் மேல் மைதாப் பசை தடவிக் காகிதம் ஒட்டினாள். ஒன்றின் மேல் ஒன்றாக எட்டுக் காகிதம். காய்ந்ததும் அதன் மேல் மஞ்சளும் பழுப்புமாகப் பிரம்புப் பின்னலை வரைந்தாள். ஒவ்வொரு இழை, இழைக்குக் கீழே நிழல், நடுவில் நாலுபேர் உட்கார்ந்து தேய்ந்த மாதிரி ஒரு பளபளப்பு. பத்து நாள் வேலை. முடிந்த அன்று நான் களைத்துப்போய் வந்து அதில் உட்காரப் போனேன். அவள் என் பின்னலைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

அதன் அர்த்தத்தையும் அப்போதுதான் சொன்னாள். எழுந்திருக்க முடியவில்லை என்று அந்தச் சேனாதிபதி அழுகிறானே, உண்மையில் அதில் உட்காரவே முடியாது, அடியில் ஒன்றுமில்லை, எல்லாரும் ஒட்டியிருக்கிற காகிதத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், அதுதான் என்றாள். எனக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதியே எனக்குப் பயமாக இருந்தது.

புதன்கிழமை அச்சடித்த நோட்டீஸ் வந்தது. வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குக் கண்காட்சி, திறந்துவைப்பவர் டைரக்டர் பாஸ்கரக் குறுப்பு. கல்யாணராமய்யரின் டைரக்டர். ஃபைல் யாருடைய மேஜையில் தூங்குகிறதோ, அவரேதான். சாவித்ரி நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். நாற்காலி முதுகில் போடப்போவதாகச் சொல்லியிருந்த டவலையாவது விட்டுவிடு என்று நான் மன்றாடினேன். அவள் மறுநாள் காலையில் வந்து, டவல் இல்லையென்றால் அது வெறும் நாற்காலி, விட மாட்டேன் என்றாள். சாதுவான பெண்கள் பிடிவாதம் பிடித்தால் அதைப்போல எரிச்சல் வேறு கிடையாது. அவள் அம்மா வாலாம்பாள் அக்கம்பக்கம் போயிருந்த நேரத்தில் பெட்டியைத் திறந்து டவலை எடுத்து வந்திருந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலமே திருப்பி வைத்துவிடுவதாக ஏற்பாடு. அப்பா கண்காட்சிக்கு வந்து அதைப் பார்ப்பாரே என்றேன். பார்க்கட்டும், ஆனால் அதைச் செய்தது எதற்கென்று அவரிடம் நான் வாயால் சொல்வேன் என்றாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நாற்காலியைப் பெரிய ஹாலில் வலது பக்கச் சுவரோரம் வைத்தோம். சுவரில் அவள் எழுதிய அட்டையை மாட்டினோம். யாராவது உட்கார்ந்து தொலைக்கப் போகிறார்களே என்று நான் ஒரு காகிதத்தில் 'உட்காரக் கூடாது' என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, இரண்டு கைக்கும் குறுக்கே கயிறு கட்டித் தொங்கவிட்டேன். அதற்கு மேல் ஒரு மனுஷி என்ன செய்ய முடியும்? முகம் கழுவிப் பூ வைத்துக்கொள்ளப் போனோம்.

நாங்கள் போன நேரத்தில் பியூன் பூதலிங்கம் ஹாலுக்குள் வந்திருக்கிறார். பூதப்பாண்டிக்காரர், சர்க்கார் ஆபீஸில் முப்பது வருஷம் பியூனாக இருந்து ரிட்டயராகி எங்கள் கல்லூரிக்கு வந்தவர். டைரக்டருக்கு நாற்காலி போட வேண்டும் என்று பிரின்ஸிபால் அம்மா சொல்லியிருக்கிறார். பூதலிங்கம் சுற்றிலும் பார்த்திருக்கிறார். ஹாலில் இருந்ததெல்லாம் பெஞ்சு. ஒரு மூலையில் மட்டும் கை வைத்த நாற்காலி, அதன் முதுகில் புதுக் கருக்கு மாறாத டர்க்கி டவல். அதைப் போய் யாரோ தெரியாத பிள்ளைகள் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். கயிற்றை அவிழ்த்தார், காகிதத்தைக் கசக்கி ஜன்னல் வழியே போட்டார், கைகளைத் துடைத்தார், மரியாதையாக அலுங்காமல் தூக்கிக்கொண்டுபோய் முன்னால் பூஜாடி வைத்த மேஜைக்குப் பின்னால் போட்டார். பிற்பாடு நான் அவரைப் பிடித்துச் சண்டை போட்டபோது அவருக்குத்தான் என் மேல் கோபம் வந்தது.

"எம்மா, டவல் போட்ட நாற்காலிய மூலையில கெடக்க விடலாமா? அது ஆபீசருக்க நாற்காலிதான்னு யாருக்கும் தெரியும். இதுக்கு வேற எழுதி ஒட்டணுமா?"

மூன்றரை மணிக்குக் கல்யாணராமய்யர் வந்தார். ஆபீஸில் பெர்மிஷன் வாங்கிக்கொண்டு, மூடின கோட்டும் தலைப்பாகையுமாக, நெற்றியில் சந்தனக் கீற்று கலையாமல். ஒவ்வொரு படத்தையும் ஃபைல் பார்க்கிற மாதிரியே பார்த்தார். முதலில் அட்டையை மேலிருந்து கீழ்வரை படிப்பார், தேதி இருக்கிறதா என்று பார்ப்பார், பிறகுதான் படத்துக்குக் கண் போகும். என் படத்தின் முன்னால் மட்டும் சற்று அதிக நேரம் நின்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு என்னைப் பார்த்து, சக்கை நன்னா வந்திருக்கு என்றார். எங்கள் ஊரில் பலாப்பழத்தைச் சக்கை என்போம். மகுடம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சாவித்ரியின் இடத்துக்கு வந்தோம். சுவரில் அட்டை இருந்தது. தரையில் நான்கு கால் வைத்த அடையாளம் இருந்தது. நாற்காலி இல்லை.

சாவித்ரி என் கையைப் பிடித்துக் கிள்ளினாள். நான் ஸ்டோர் ரூமுக்கு ஓடினேன், வராந்தாவுக்கு ஓடினேன், திரும்பி ஓடி வந்தேன். பெண்களும் பெற்றோர்களுமாக ஹால் நிறைந்திருந்ததில் முன்பக்கம் எதுவும் தெரியவில்லை. கல்யாணராமய்யர் அதற்குள் அட்டையைப் படிக்கத் தொடங்கியிருந்தார். அதில் நாலு வரிதான். "சிம்மாசனம். இதில் உட்கார ஆசைப்படுகிறவர்கள் பலர். இருக்கை வெறும் காகிதம். உட்கார்ந்தவர் விழுவார்." கீழே அவள் பெயர். அவர் ஒருதடவை படித்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். எங்கே அந்தச் சாதனம் என்று மகளைக் கேட்டார். மத்தியானம் இங்கேதான் இருந்தது என்று சாவித்ரி முனகினாள்.  பத்து நாள் உழைப்பும் பி.ஏ.யும் கண்முன்னால் காணாமல் போனது போல் நின்றாள்.

அப்போது வாசலில் கார் வந்து நின்றது. எல்லாரும் எழுந்து ஒதுங்கி வழி விட்டார்கள். டைரக்டர் குறுப்பு நல்ல ஆகிருதியான மனுஷர், வெள்ளை சூட், கையில் ஒரு தந்தப் பூண் போட்ட பிரம்பு. இளம் வயதில் நாஞ்சில்நாட்டில் தாசில்தாராக இருந்தவராதலால் தமிழும் நன்றாகப் பேசுவார். பிரின்ஸிபால் அம்மா மாலை போட்டார். கூட்டம் இரண்டாகப் பிரிந்ததில் ஹாலின் முன்பக்கம் எங்களுக்குப் பளிச்சென்று தெரிந்தது. மேஜை, பூஜாடி, அதன் பின்னால் டவல் போட்ட நாற்காலி. சாவித்ரியின் நாற்காலி.

டைரக்டர் நேராக அதை நோக்கிப் போனார். எது தம்முடைய நாற்காலி என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பூதலிங்கம் வாசலோரம் கைகட்டி நின்று திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கத்தியிருக்கலாம். அதை நினைத்து இன்றைக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வரும். சாதாரணமாக எனக்கு வாய்க்குக் குறைச்சல் கிடையாது. ஆனால் ஒரு டைரக்டரைப் பார்த்து, "உட்காராதீர்கள்" என்று அவ்வளவு பேர் நடுவில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாவித்ரி இரண்டு அடி எடுத்து வைத்துவிட்டு நின்றுவிட்டாள். சரசம்மா டீச்சரும் அப்போதுதான் கவனித்திருக்க வேண்டும், வாயில் கையை வைத்துக்கொண்டார். விஷயம் தெரிந்தவர்கள் ஹாலில் நான்கு பேர், நான்கு பேரும் ஊமைகள்.

நான்காவது ஆள் கல்யாணராமய்யர். அவர் நாற்காலியைப் பார்த்தார். டவலின் நீலக் கரையைப் பார்த்தார். திரும்பிச் சுவரிலிருந்த அட்டையைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒவ்வொன்றாக விளங்கியது எனக்குத் தெரிந்தது. உதட்டைத் திறந்தார். 'சார்' என்ற சொல் அவர் தொண்டையில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. மேலதிகாரியைப் பார்த்து வேண்டாம் என்று ஒரு வார்த்தை இருபத்திரண்டு வருஷத்தில் சொன்னதில்லையே, இப்போது எங்கிருந்து வரும்? டைரக்டர் மேஜையைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். பிரம்பைச் சார்த்திவிட்டுக் கோட்டின் பின்பக்கத்தை ஒதுக்கினார்.

கல்யாணராமய்யர் ஓடினார். அந்த மனுஷர் ஓடி நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. பிரின்ஸிபால் அம்மாவைத் தாண்டி, மேஜையைச் சுற்றி, டைரக்டருக்கும் நாற்காலிக்கும் நடுவில் இருந்த ஒரு சாண் இடத்தில் புகுந்து, அதில் தாம் உட்கார்ந்துவிட்டார்.

எட்டுக் காகிதமும் ஒரே சத்தத்தில் கிழிந்தது. கல்யாணராமய்யர் அக்குள்வரை நாற்காலிக்குள் இறங்கிவிட்டார். முழங்கால் இரண்டும் முகத்துக்கு நேரே, தலைப்பாகை ஒரு காதில்.  எங்கேயோ ஒரு பெண் களுக்கென்றாள், அவ்வளவுதான், ஹால் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்துவிட்டேன். சாவித்ரி மட்டும் சிரிக்கவில்லை.

மேலதிகாரி நின்றுகொண்டிருக்கிறார், தாம் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். துடித்துக்கொண்டு எழுந்தார். நாற்காலியும் அவரோடு எழுந்தது. இடுப்பில் நாற்காலியோடு நின்றபடி டைரக்டருக்கு ஒரு கும்பிடு போட்டார். சிரிப்பு இன்னும் பலத்தது. டைரக்டர் கையைத் தூக்கினார். சிரிப்பு அடங்கிவிட்டது.

"என்ன கல்யாணராமய்யர் இது?" என்று கேட்டார் டைரக்டர். குரலில் கோபமா வேறெதுவுமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

கல்யாணராமய்யர் முதலில் மன்னிப்புக் கேட்டார். பிறகு சொல்லத் தொடங்கினார். இது நாற்காலி இல்லை, இது என் பெண்ணின் படைப்பு, தவறி இங்கே வந்துவிட்டது, பழைய நாடகத்தில் வருகிற சிம்மாசனத்தைத்தான் செய்திருக்கிறாள், பிரம்பு மாதிரித் தெரிவது பிரம்பு இல்லை, வரைந்தது, அடியில் வெறும் காகிதம், டவல் கூட ஆபீஸ் டவல் இல்லை, எங்காத்து டவல் என்றார். ஆபீஸ் குறிப்பு வாசிக்கிற மாதிரி ஒன்றின் பின் ஒன்றாக, ஒன்றும் விடாமல் சொன்னார். இரண்டே தடவை அட்டையைப் படித்தவர், பத்து நாள் கூடவே இருந்த எனக்குப் புரியாத பாதியையும் சேர்த்துச் சொன்னார்.

டைரக்டர் குனிந்து கிழிந்த காகிதத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். வரைந்திருந்த பிரம்பு இழையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"அப்போ நான் உட்கார்ந்திருந்தால்?"

"விழுந்திருப்பேள், சார்."

ஹாலில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டைரக்டர் விடவில்லை.

"இப்போ உங்களைப் பார்த்துச் சிரித்தார்களே, அதுபோல என்னையும் பார்த்து இவ்வளவு பேரும் சிரித்திருப்பார்கள், இல்லையா?"

கல்யாணராமய்யர் யோசித்தார். இடுப்பில் நாற்காலியோடு நின்று ஒரு மனுஷர் அவ்வளவு நிதானமாக யோசிப்பதை வேறெங்கும் பார்க்க முடியாது.

"இல்லை, சார். ஒருத்தரும் சிரிச்சிருக்க மாட்டா. அதாக்கும் இவ செஞ்சு வெச்சிருக்கற விஷயம்."

 சரசம்மா டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.  டைரக்டரின் பெரிய தொந்தி முதலில் குலுங்கியது, அப்புறம்தான் சத்தம் வந்தது. அவர் சிரித்ததைப் பார்த்த பிறகு, இனிப் பாதகமில்லை என்று ஹால் முழுக்கச் சிரித்தது. அதையும் அவர் கவனித்தார் போலிருக்கிறது, கல்யாணராமய்யரைப் பார்த்து விரலை ஆட்டிக்கொண்டே இன்னும் கொஞ்சம் சிரித்தார். டைரக்டரும் பூதலிங்கமுமாக நாற்காலியின் கையை ஆளுக்கொன்றாகப் பிடித்து அதைக் கல்யாணராமய்யரிடமிருந்து கழற்றினார்கள். அதற்குப் பிறகு டைரக்டர் முன் வரிசைப் பெஞ்சில், அதையும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, எங்கள் வகுப்புப் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்தார்.

முதல் பரிசு ஐந்து தலைப் பாம்புக்குக் கிடைத்தது. சாவித்ரியின் நாற்காலி கிழிந்துபோனதால் போட்டியில் சேர்க்க முடியாதாம், பிரின்ஸிபால் அம்மா சொல்லிவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நாடகத்தில் பாம்பே கிடையாது என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. சாவித்ரிக்கு அதெல்லாம் காதில் விழவே இல்லை. அவள் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று பேரும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். கல்யாணராமய்யர் முன்னால் போனார். மைதாப் பசையும் மஞ்சள் சாயமும் அப்பிய டவல் அவர் கக்கத்தில் இருந்தது. ஸ்டாப்பில் வந்து நின்றதும் சாவித்ரி அழுதுவிட்டாள். டவலைக் கேட்காமல் எடுத்ததற்கும், நாலு பேர் நடுவில் அவரைத் தலைகுனிய வைத்ததற்கும் மன்னிப்புக் கேட்டாள். 

"நாற்காலி முறியறது எத்தனாவது அங்கம்?" என்று கேட்டார்.

"நாடகத்துல அப்படி இல்லைப்பா. அது நானா போட்டது."

"புஸ்தகத்துல இல்லாததை நீயா யோசிச்சயா?"

சாவித்ரி தலையை ஆட்டினாள். அவர் டவலைக் கக்கத்திலிருந்து எடுத்து, கரை தெரியும்படி மடித்தார்.

"உட்கார ஆசைப்படறவா பலர்னு எழுதியிருந்தயே, என்னை நினைச்சுண்டு எழுதினதா?"

நான் ரோட்டைப் பார்க்கத் தொடங்கினேன். அவள் பொய் சொல்லித் தொலைக்க வேண்டுமே என்று பழவங்காடிப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டேன். அவள் ஆமாம் என்றாள்.

 கல்யாணராமய்யருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு மூக்கால் சிரிக்கிற ஆள் அவர்.

"அந்தச் சேனாதிபதிக்கு எழுந்திருக்கப் பயம். எனக்கு இத்தனை வருஷம் உட்காரப் பயம். இன்னிக்கு உட்கார்ந்து பார்த்துட்டேன், ஒண்ணும் ஆகல்லை. நடு முதுகு மட்டும் கொஞ்சம் வலிக்கறது."

வடசேரிக்கு நாளைக்கே எழுதிவிடுவதாகவும் சொன்னார். பெண் பி.ஏ. படிக்கப் போகிறாள், இரண்டு வருஷம் பொறுக்க முடியுமானால் பொறுக்கட்டும், முடியாவிட்டால் அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதப்போவதாக, ஏற்கெனவே வரைவு போட்டுவிட்ட மாதிரி வரி வரியாகச் சொன்னார். சாவித்ரி அழுகையை நிறுத்த மறந்துபோய் அழுதுகொண்டே நின்றாள். நான்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். பிரமோஷன் என்ன ஆகும் மாமா என்று புத்தி கெட்டுப்போய்க் கேட்டும் வைத்தேன். வரும்போது வரட்டும் என்றார்.

கரமனை பஸ் வந்தது. உள்ளே நல்ல கூட்டம். ஜன்னலோரத்தில் ஒரே ஒரு ஸீட் காலியாக இருந்தது. கல்யாணராமய்யர் அதன் பக்கத்தில் போய் நின்றுகொண்டு மகளைப் பார்த்தார். சாவித்ரி நகரவில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் அப்பா நிற்கும்போது மகள் உட்காருகிற வழக்கம் கிடையாது. அவரும் ஒருநாளும் அவளை உட்காரச் சொன்னதில்லை. அவர் குனிந்து ஸீட்டை உள்ளங்கையால் இரண்டு முறை அழுத்திப் பார்த்தார்.

"கெட்டியாத்தான் இருக்கு, உக்காரு."

சாவித்ரி உட்கார்ந்தாள். நான் பழவங்காடியில் இறங்கும்வரை அவர் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டு வந்தார்.